கில்டி கியர் ஸ்ட்ரைவ்: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆர்க் சிஸ்டம் வேர்க்ஸ் 2021 யூனில் வெளியிட்ட அனிமே சண்டை ஆட்டம் கில்டி கியர் ஸ்ட்ரைவ். ஆட்டத்தை வாங்கி, பயிற்சிப் பகுதியைத் திறந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்தப் பக்கம். பேட்ச் (ஆட்டத்துக்கான திருத்தம்) வரும்போது அடிகளின் வேகம், சேதம் போன்ற எண்கள் மாறும். ஆகவே மாறாத அடிப்படைகளையே பெரும்பாலும் எழுதியிருக்கிறோம்.

236, 623 எண்டு எல்லாரும் எழுதுறாங்கள். அது என்ன?

திசைகள். கீபோட்டின் வலது பக்கத்தில் இருக்கும் எண் கட்டத்தைப் பாருங்கள். நடுவில் 5, அதுதான் திசை எதுவும் அழுத்தாத நிலை. 6 எதிரியின் பக்கம், 4 பின்பக்கம், 2 குந்துவது, 8 பாய்வது. 236 என்றால் கீழ், கீழ்முன் மூலை, முன் என்று வழுக்கிக்கொண்டு போவது. 623 என்றால் முன், கீழ், கீழ்முன் மூலை. எல்லாம் நீங்கள் இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்ப்பதாக எழுதப்படும். மறுபக்கம் போனால் கண்ணாடிபோல் திருப்பிச் செய்ய வேண்டும்.

பட்டன்கள் ஐந்து: பஞ்ச், கிக், ஸ்லாஷ், ஹெவி ஸ்லாஷ், டஸ்ட். கீழே இவற்றை பி, கே, எஸ், எச், டி என்று எழுதுகிறோம். 2கே என்றால் குந்திக்கொண்டு கிக், 6பி என்றால் முன்பக்கம் அழுத்தியபடி பஞ்ச்.

எஸ் பட்டனில் ஒரு சூட்சுமம் உண்டு. எதிரியோடு ஒட்டி நின்று அழுத்தினால் ஒரு அடி வரும், தள்ளி நின்று அழுத்தினால் வேறு அடி வரும். இவற்றை "கிட்ட எஸ்", "தூர எஸ்" என்போம். கிட்ட எஸ்தான் பெரிய கொம்போக்களின், அதாவது எதிரி இடையில் தடுக்க முடியாமல் தொடர்ந்து விழும் அடிகளின், வாசல். "நான் சொன்னபடி அழுத்தினேன், கொம்போ வரவில்லை" என்பவர்களில் பலருக்கு நடப்பது, கிட்ட எஸ் வரும் என்று நினைத்த தூரத்தில் தூர எஸ் வந்துவிடுவதுதான். இன்னும் ஓரடி ஓடிப்போய் அழுத்துங்கள்.

கொன்ட்ரோலர் வாங்கவேணுமோ? கீபோட்டில் ஆடேலாதோ?

தாராளமாக ஆடலாம். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பட்டன் மட்டுமே உள்ள பலகைகளில் ஆடுகிறார்கள், கீபோட்டும் அதே வகைதான். ஆனால் மலிவுக் கீபோட்களில் ஒரு கோளாறு இருக்கிறது. சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது. நோட்பேடைத் திறந்து, உங்கள் திசை விசைகளில் எழுத்து விசைகளாக உள்ள இரண்டைப் பிடித்தபடி அடி விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒரு எழுத்து விழாவிட்டால் அந்தச் சேர்க்கை ஆட்டத்திலும் விழாது. கீபோட்டை மாற்றவேண்டியதில்லை, விசைகளை இடம் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பாய்வதற்கு ஸ்பேஸ் விசையைப் பெருவிரலுக்குக் கொடுங்கள், மற்ற மூன்று திசைகளும் இடக்கை விரல்களுக்குப் போதும்.

ஓடுவதற்கென்று தனிப் பட்டன் ஒன்றை அமைப்பில் வைக்கலாம். கட்டாயம் வையுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

ரீவியில் ஆடுபவர்கள் அதன் "கேம் மோட்" அமைப்பைப் போடுங்கள். படத்தை அழகுபடுத்தும் வேலைகளுக்காக ரீவி எடுக்கும் நேரம் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் இடையில் சேர்ந்துவிடும்.

லப்டொப்பில ஆடேக்க திடீரெண்டு ஆட்டம் ஸ்லோவாகுது.

இந்த ஆட்டம் நொடிக்கு 60 பிரேம் என்ற கணக்கில் ஓடுகிறது. உங்கள் கருவியால் 60 தர முடியாவிட்டால் படம் விட்டுவிட்டு வருவதோடு நிற்காது, ஆட்டமே மெதுவாகும். இணையத்தில் ஆடும்போது எதிரியும் அதனால் பாதிக்கப்படுவார். முதலில் நிழல், படத் தெளிவு போன்ற அமைப்புகளைக் குறையுங்கள். சார்ஜரைச் செருகியே ஆடுங்கள், பட்டரியில் லப்டொப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

தொடங்கும்போது நன்றாக ஓடி அரை மணித்தியாலத்தில் மெதுவானால் காரணம் சூடு. சித்திரை வெயிலில் கதவு பூட்டிய அறையில், மெத்தைக்கு மேல் லப்டொப்பை வைத்தால் அடிப்பக்கக் காற்று வழி அடைபட்டுவிடும். மேசையில் வைத்துப் பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். விசிறித் தூசியைத் துப்புரவாக்குங்கள்.

எந்தக் கரக்டரை எடுக்கிறது?

முதலில் வெளிவந்தபோது 15 பேர், பிறகு பலர் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். தோற்றம் பிடித்தவரை எடுப்பதில் தவறில்லை, பிடித்தவரோடுதான் நீண்ட நேரம் இருப்பீர்கள். யாரென்று தெரியவில்லை என்றால் கை கிஸ்கே. தூரத்துக்கு எறியும் ஸ்டன் எட்ஜ் (236எஸ்), எழுந்தபடி வெட்டும் வேப்பர் த்ரஸ்ட் (623எச்), சறுக்கிப் போகும் ஸ்டன் டிப்பர் (236கே) என்று சண்டை ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் நேர்மையான வடிவில் இருக்கின்றன. அவரிடம் படித்தது வேறு கரக்டருக்கும், வேறு ஆட்டத்துக்கும் உதவும்.

சோல் பாட்கை கிட்டப் போய் அடிப்பவர். அவருடைய 5கே 3 பிரேமில் வெளிவரும், ஆட்டத்திலேயே மிக வேகமான அடிகளில் ஒன்று. ஜியோவானாவும் ஓடிப்போய் அழுத்தும் வகை, எறிவதற்கு எதுவும் இல்லாததால் குழப்பம் குறைவு. மே வித்தியாசமானவர்: அவருடைய டொல்பின் அடிக்குப் பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருந்து பிறகு முன்னே தள்ள வேண்டும்.

ஸாட்டோவையும் ஃபாஸ்டையும் முதல் ஆளாக எடுக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஸாட்டோவோடு நிழல் ஒன்றையும் சேர்த்து இயக்க வேண்டும். ஃபாஸ்ட் எறியும் பொருள் ஒவ்வொரு முறையும் மாறும். அடிப்படையே கைவராத நேரத்தில் இவை பாரம். பொட்டெம்கின் பலமானவர்தான், ஆனால் அவருக்கு ஓட்டமே கிடையாது. எதிரியின் மனதை வாசிக்கத் தெரிந்த பிறகுதான் அவர் இனிப்பார்.

முதல் கொம்போ எது? வீடியோக்களில வாறது ஒண்டும் கைவருதில்லை.

வீடியோவில் வரும் நீளக் கொம்போவை மூடி வையுங்கள். பத்துக்கு மூன்று தரம் வரும் பெரிய கொம்போவைவிடப் பத்துக்குப் பத்தும் வரும் சின்னக் கொம்போ அதிக ஆட்டங்களை வெல்லும். இடையில் தவறிய கொம்போ சேதத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை, எதிரிக்கு முன்னால் உங்களை வெறுங்கையோடு நிறுத்திவிடும்.

கை கிஸ்கேயை வைத்து மூன்று வழிகள் போதும்.

முதலாவது: 2கே > 2டி > 236எஸ். காலுக்கு அடித்து, விழுத்தி, அவர் எழும்பும் நேரத்துக்கு ஸ்டன் எட்ஜை மேலே விடுவது. சேதம் குறைவு, ஆனால் அடுத்த தாக்குதல் உங்களுடையது.

இரண்டாவது: கிட்ட எஸ் > தூர எஸ் > 5எச் > 236கே. எதிரி பிழை விட்டு நிற்கும்போது இது. தூர எஸ் அதன் நுனித் தூரத்தில் பட்டால் 5எச் எட்டாமல் போகும். அந்தத் தூரத்தில் தூர எஸ்ஸை நேரே 236எஸ்ஸாக மாற்றுங்கள்.

மூன்றாவது: பாய்ந்து வந்து எச், நிலத்தில் இறங்கியதும் இரண்டாவது வழி. பாய்ந்து அடிக்கும் எச்சை மிக உயரத்தில் அழுத்தினால் இறங்குவதற்குள் எதிரி விடுபட்டுவிடுவார். இறங்கும் தறுவாயில் அழுத்துங்கள்.

ஒவ்வொன்றையும் இடப்பக்கம் பார்த்து 10, வலப்பக்கம் பார்த்து 10, தொடர்ச்சியாகப் பிழையில்லாமல் செய்யுங்கள். ஒன்பதாவதில் தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து. ஒரு பக்கம் மட்டும் பழகியவர்களை இணையத்தில் உடனே அடையாளம் காணலாம், பக்கம் மாறியதும் கை நின்றுவிடும்.

ஓடிப்போய் 236 செய்தா 623 அடி வருது. ஏன்?

ஆட்டம் பிழை விடவில்லை. ஓடுவதற்கு 6ஐ அழுத்தியபடியே 236 செய்தால் ஆட்டத்துக்குத் தெரிவது 6, 2, 3, 6. அதற்குள் 6, 2, 3 இருக்கிறது, ஆட்டம் 623ஐ முந்தி எடுத்துக்கொள்கிறது. ஸ்டன் எட்ஜ் எறிய நினைத்தவர் வானத்தில் பறப்பது இதனால்தான்.

தீர்வு இரண்டு. முதலாவது, 6ஐ விட்டு ஒரு கணம் நடுநிலைக்கு வந்த பிறகு 236. இரண்டாவது, மேலே சொன்ன ஓட்டப் பட்டன். அதை அழுத்தி ஓடும்போது 6 தேவையில்லை, 236 சுத்தமாக விழும். பயிற்சிப் பகுதியில் உங்கள் அழுத்தல்கள் திரையோரத்தில் எண்களாக வருமாறு வைக்கலாம். எது பிழைத்தாலும் முதலில் அங்கே பாருங்கள், ஊகிக்க வேண்டாம். பெரும்பாலும் மூலைத் திசை ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது பட்டன் திசைக்கு முன்னரே விழுந்திருக்கும்.

பயிற்சியில கொம்போ வருது, ஆட்டத்தில எதிரி பிளொக் பண்ணினாலும் கை தன்பாட்டுக்கு முழுதையும் அழுத்துது.

இதுதான் புதியவரையும் இடைநிலைக்காரரையும் பிரிக்கும் கோடு. ஸ்டன் டிப்பரை எதிரி பிளொக் செய்தால் நீங்கள் அவர் காலடியில், பதில் சொல்ல முடியாமல் கிடப்பீர்கள். ஆகவே பட்டதா, தடுக்கப்பட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகே அந்தக் கடைசி அடி.

பயிற்சிப் பொம்மையின் பிளொக்கை, தற்செயலாகத் தடுக்கும் அமைப்பில் வையுங்கள். கிட்ட எஸ் > தூர எஸ் மட்டும் அடியுங்கள். பட்டிருந்தால் 5எச் > 236கே. தடுக்கப்பட்டிருந்தால் தூர எஸ்ஸோடு நில்லுங்கள். முதலில் ஒன்றும் பிடிபடாது. பொம்மையின் உடம்பைப் பார்க்க முயலாதீர்கள், படும் சத்தத்தையும் தடுக்கும் சத்தத்தையும் கேளுங்கள். காது கண்ணைவிட வேகமாகப் பழகும். இரண்டு அடிகளையும் பார்த்துத் தீர்மானிக்க நேரம் இருக்கிறது. ஒரே அடியைப் பார்த்துத் தீர்மானிப்பது கடினம், ஆகவே 2கே > 2டி போன்றவற்றில் அதை முயல வேண்டாம். அவை தடுக்கப்பட்டாலும் பெரிய நட்டம் வராத தூரத்தில் மட்டும் பாவியுங்கள்.

ஒரு நாளில் 20 நிமிடம் பயிற்சி என்றால் அதில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

பாய்ஞ்சு பாய்ஞ்சு வாறவனை என்ன செய்யிறது?

6பி. எல்லாக் கரக்டருக்கும் இது உண்டு. அடி வெளிவரும் நேரத்தில் உங்கள் மேல் உடம்பில் எதுவும் படாது, ஆகவே மேலிருந்து வரும் அடியை ஊடுருவிக்கொண்டு போய் அடிக்கும். பலர் செய்யும் பிழை பிந்தி அழுத்துவது. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகு அழுத்தினால் போச்சு. அவர் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள்.

இதற்கு எதிர்மருந்தும் உண்டு. பாய்ந்து வருபவர் அடிக்காமலே இறங்கி உங்கள் காலுக்கு அடித்தால் 6பி தோற்கும், அது மேல் உடம்பைத்தான் காக்கும். ஒரு சுற்றில் ஒரே பதிலை மூன்று தரம் சொல்லாதீர்கள்.

எழும்பேக்க எல்லாம் அடிவாங்கிறன். எப்பிடித் தடுக்கிறது?

சேதத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது, ஆகவே இதை ஆறுதலாகப் பாருங்கள்.

இயல்பு நிலை, குந்திப் பிளொக். அதாவது 1ஐ (கீழ்பின் மூலை) பிடித்திருப்பது. காலுக்கு அடிக்கும் அடிகள் வேகமானவை, பார்த்துத் தடுக்க முடியாது. பெரும்பாலும் பாய்ந்து வரும் அடிகளையும் 5டியையும்தான் எழுந்து நின்று (4) தடுக்க வேண்டும். 5டி வெளிவர 20 பிரேம் எடுக்கும், அதாவது நொடியின் மூன்றில் ஒரு பங்கு. பிடித்து அழுத்தினால் 28. மனிதக் கண் பார்த்துக் கை அசைய ஏறக்குறைய 15 பிரேம் பிடிக்கும் என்பதால் இது பார்த்துத் தடுக்கக்கூடியதே. ரீவி தாமதம் சேர்ந்தால்தான் எட்டாமல் போகும்.

த்ரோவை (கிட்ட வந்து 6டியால் பிடித்து எறிவது) பிளொக்கால் தடுக்க முடியாது. நிலத்தில் த்ரோ 2 பிரேமில் பிடித்துவிடும், ஆகவே பார்த்து எதுவும் செய்ய முடியாது, ஊகிக்கத்தான் வேண்டும். பாயலாம், அதே கணத்தில் 6டி அழுத்தி விடுபடலாம், அல்லது அவர் ஓடிவரும்போதே 2பி அடிக்கலாம். அவர் த்ரோவுக்கு ஓடிவந்து காற்றைப் பிடித்தால் சற்று நேரம் அசைய முடியாது, அப்போது உங்கள் இரண்டாவது கொம்போ.

623எச் போன்ற, எழும்பும்போதே எதையும் ஊடுருவும் அடிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எதிரி சும்மா நின்று தடுத்தால் உங்கள் பெரிய கொம்போவைவிடப் பெரியதை வாங்குவீர்கள். ஒரு ஆட்டத்தில் ஒன்றிரண்டு தரம், எதிரி நம்பிக்கையோடு அழுத்தத் தொடங்கிய பிறகு மட்டும்.

பின்பக்கத்தோடு பி, கே, எஸ், எச் ஆகியவற்றில் ஏதாவது இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஃபோல்ட்லஸ் டிஃபென்ஸ். டென்ஷன் கட்டையை (தாக்கும்போது நிரம்பும் அளவுக்கட்டை) செலவழித்து எதிரியை வழக்கத்தைவிடத் தூரம் தள்ளும். அரங்கின் மூலையில் அகப்பட்ட நேரத்தில் இதைவிட நல்ல செலவு குறைவு.

பேர்ஸ்ட் எப்ப பாவிக்கிறது?

டியோடு வேறொரு அடிப் பட்டன். அடிவாங்கும்போதும் எதிரியை உதறித் தள்ளும். முதலாவது அடியிலேயே பதறி அழுத்துவது புதியவரின் பழக்கம். அனுபவம் உள்ள எதிரி அதை எதிர்பார்த்து, அடிப்பதை நிறுத்திப் பிளொக் செய்வார். பிறகு நீங்கள் வானத்திலிருந்து அவர் கையில் விழுவீர்கள். கொம்போவின் நடுவில், அவர் அடுத்த அடியை அழுத்தியே ஆகவேண்டிய இடத்தில் பாவியுங்கள். இரண்டாம் சுற்றும் தோற்கப்போகிற நிலையில் பேர்ஸ்ட்டுக்கான தனிக் கட்டையை நிரப்பி வைத்துக்கொண்டு சாகாதீர்கள்.

2023இல் வந்த மாற்றத்தோடு அதே கட்டையில் பாதியைச் செலவழிக்கும் வைல்ட் அசால்ட் (236டி), டிஃப்ளெக்ட் ஷீல்ட் (214டி) என்ற இரண்டும் சேர்ந்தன. முதல் மாதத்தில் இவற்றை மறந்துவிடலாம்.

ரோமன் கான்சல் நிறங்கள் ஒண்டும் விளங்கேல்லை.

டி தவிர்ந்த பட்டன்களில் ஏதாவது மூன்றைச் சேர்த்து அழுத்தி, நடக்கும் அசைவை இடையில் வெட்டுவது, டென்ஷனில் பாதி போகும். நிறத்தை நீங்கள் தெரிவு செய்வதில்லை, நீங்கள் இருந்த நிலைதான் தீர்மானிக்கும். உங்கள் அடி எதிரியில் பட்டிருந்தால் அல்லது தடுக்கப்பட்டிருந்தால் சிவப்பு. அடி வெறுமையில் போய் மீளும்போது ஊதா. சும்மா நிற்கும்போது அல்லது ஓடும்போது நீலம், எதிரியை மெதுவாக்கும். பிளொக்கில் இருக்கும்போது மஞ்சள், எதிரியைத் தள்ளிவிடும்.

தொடக்கத்தில் சிவப்பு ஒன்று போதும். கிட்ட எஸ் > தூர எஸ் > 5எச் > 236கே, அது பட்டதும் சிவப்பு, ஓடிப்போய் மீண்டும் கிட்ட எஸ். அல்லது ஸ்டன் டிப்பர் தடுக்கப்பட்டுவிட்டால் உயிர் தப்ப அதே சிவப்பு.

மூலையில சுவர் உடையுது. அது நல்லதோ?

உடைத்தவருக்கு நல்லது: சேதம், கூடவே சிறிது நேரம் டென்ஷன் வேகமாக ஏறும். ஆனால் இருவரும் நடுவுக்கு வந்துவிடுவதால் மூலையில் அகப்பட்டவர் தப்பிவிடுகிறார். ஓவர்டிரைவால் (டென்ஷனில் பாதியைச் செலவழிக்கும் பெரும் அடி) உடைத்தால் எதிரி விழுந்து கிடப்பார், தாக்குதல் உங்களிடமே தங்கும். ஆகவே மூலையில் டென்ஷன் பாதி இருந்தால் கடைசி அடியை ஓவர்டிரைவாக்கப் பாருங்கள்.

கிட்டப் போகவே விடுறாங்கள் இல்லை.

கிளித்தட்டில் மறிப்பவர் கையை நீட்டும்வரை ஆட்டம் காட்டி, நீட்டியதும் தாண்டுவதுபோல. எதிரியின் நீள அடி எட்டும் தூரத்துக்கு ஒரு அங்குலம் வெளியே நில்லுங்கள். அவர் அடித்து வெறுமையில் போகட்டும், மீள்வதற்குள் தூர எஸ். ஓடும்போது இடையில் ஃபோல்ட்லஸ் டிஃபென்ஸைத் தட்டினால் ஓட்டம் சட்டென்று நிற்கும். ஓடு, நில், தடு. இந்த மூன்றையும் கலந்து செய்தால் அவரால் உங்கள் தூரத்தைக் கணிக்க முடியாது.

ஆக்ஸலின் சங்கிலிக்கு எதிராகத் திரையின் அந்தப் பக்கத்திலிருந்து பாய வேண்டாம், நடந்து தடுத்துக்கொண்டு போங்கள். பொட்டெம்கினுக்கு எதிராகக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டன் எட்ஜ் எறிய வேண்டாம், விரலால் சுண்டித் திருப்பி அனுப்புவார். கிட்ட நின்றால் பொட்டெம்கின் பஸ்டரைத் தடுக்கவும் முடியாது, பாயத்தான் முடியும்.

ஒரே அடி உங்களைத் திரும்பத் திரும்பக் கொன்றால், பயிற்சியில் அந்தக் கரக்டரைப் பொம்மையாக எடுத்து, அந்த அடியைப் பதிவு செய்து ஓடவிடுங்கள். தடுத்தவுடன் 2பி, கிட்ட எஸ், த்ரோ, 6பி என்று ஒவ்வொன்றாக முயலுங்கள். பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தில இருந்து ஒன்லைன் ஆடலாமோ?

ஆடலாம். இந்த ஆட்டத்தில் றோல்பாக் முறை இருக்கிறது. எதிரியின் அழுத்தல் வந்து சேரும்வரை காத்திராமல் ஊகித்து ஓட்டிவிட்டு, பிழைத்தால் பின்னே போய்த் திருத்தும். பிங் (தரவு எதிரியிடம் போய்த் திரும்பும் நேரம்) 100 மில்லிசெக்கன் என்றால் ஒரு வழிக்கு 50, அதாவது 3 பிரேம். இவ்வளவும் ஆடக்கூடியதே. சென்னை எங்களுக்குக் கொழும்பைவிடப் பெரிதாகத் தூரமில்லை என்று தோன்றும். ஆனால் தரவு முதலில் தெற்கே போய்த்தான் கடலடிக் கேபிளில் ஏறும், வரைபடத்துத் தூரத்தை நம்ப வேண்டாம்.

பிங் கூடியதைவிட நிலையில்லாத பிங்தான் கேடு. வைஃபையில் எதிரி தாவித் தாவித் தெரிவது அதனால்தான். ரவுட்டர் விறாந்தையில், கணினி உள்ளறையில் என்றால் நெற் கேபிள் ஒன்றை இழுத்துவிடுங்கள், சாதாரண கேபிளே 100 மீற்றர்வரை தாங்கும். கைபேசி ஹொட்ஸ்பொட்டில் ஆடத்தான் வேண்டுமென்றால் கைபேசியைக் கேபிளால் கணினியில் இணையுங்கள், குறைந்தது ஒரு வானலைத் துண்டாவது குறையும். கரண்ட் போனால் லப்டொப் நிற்காது, ரவுட்டர் நின்றுவிடும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று அந்த ஆட்டத்தை முடிக்கவாவது உதவும். ஆட்டத்தையும் பெரிய பேட்ச்களையும் இரவுக் கோட்டா உள்ள பக்கேஜ் என்றால் இரவில் இறக்குங்கள்.

பெடியளோட வீட்டில ஆடேக்க எப்பிடி ஆடினா முன்னேறலாம்?

தோற்றவர் எழும்பும் முறையை விடுங்கள், அதில் பலவீனமானவருக்கு ஆடவே கிடைக்காது. இருவர் அமர்ந்து யார் முதலில் 5 ஆட்டம் வெல்வது என்று ஆடுங்கள், அதே கரக்டர்களோடு. மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகுதான் எதிரியின் பழக்கங்கள் தெரியவரும்: விழுந்தவுடன் என்ன அழுத்துகிறார், மூலையில் எப்போது பாய்கிறார். காத்திருக்கும் மூன்றாமவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொருவரும் த்ரோவில் எத்தனை தரம் அகப்பட்டார், பாய்ந்து வந்த அடியை எத்தனை தரம் 6பியால் அடித்தார் என்று தாளில் கோடு போடட்டும். அடுத்த நாள் எதைப் பழகுவது என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.